யூஎஸ்பியா, வைஃபையா, லேன் ஒயரா: ‘பிரிண்டர் ஆஃப்லைன்’ தொல்லை எதில் குறைவு?

சென்னையில் பாரிமுனை, மண்ணடி பக்கம் ஜெராக்ஸ் கடை, சரக்கு அலுவலகம் என்று எங்கே போனாலும் ஒரே புலம்பல்தான்: “பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது.” உடனே பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். என்னைக் கேட்டால், அதைக் கடைசியாகச் செய்யலாம். பல நேரம் கோளாறு இருப்பது இணைத்திருக்கும் விதத்தில்தான்.

ஒரே கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர் என்றால் யூஎஸ்பி போதும். ஐபியும் (நெட்வொர்க்கில் ஒரு கருவிக்குக் கிடைக்கும் முகவரி எண்) இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. ஒயர் மட்டும் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும், அதே பிரிண்டரை விண்டோஸில் ஷேர் செய்கிறார்களே, அங்கேதான் வம்பு. முதல் கம்ப்யூட்டர் தூங்கினால் மற்றவருக்கும் பிரின்ட் வராது. 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, இப்படி ஷேர் செய்த பிரிண்டர்கள் பல இடங்களில் இணையவே மறுத்தன.

வைஃபை பார்க்க வசதி, ஆனால் அதிகம் படுத்துவதும் அதுதான். விலை குறைந்த பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரியும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அது பிரிண்டரின் கண்ணிலேயே படாது. வண்ணாரப்பேட்டையின் பழைய வீடுகளில் கனமான சுவர் வேறு, சிக்னலைக் குடித்துவிடும். இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி ஐபி மாறுவது. கரன்ட் போய் வந்ததும் ரூட்டர் பிரிண்டருக்குப் புது எண் கொடுத்துவிடலாம்; கம்ப்யூட்டரோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். வாடகைக்கு வீடு மாறியவரைப் பழைய கதவில் தட்டுகிற கதைதான்.

கண்டுபிடிப்பது சுலபம். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிடுங்கள். அதில் உள்ள ஐபியையும், விண்டோஸில் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் ‘போர்ட்ஸ்’ பகுதியில் உள்ள ஐபியையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் நோய் அதுதான். தாளில் உள்ள எண் 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். எண் சரியாக இருந்தும் பிரின்ட் வரவில்லையா? கம்ப்யூட்டர் ‘கெஸ்ட்’ வைஃபையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கெஸ்ட் பக்கத்திலிருந்து உள்ளே இருக்கும் கருவிகளைத் தொட ரூட்டர் பெரும்பாலும் விடாது.

நிரந்தரத் தீர்வு, ரூட்டரில் ஐபி எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியின் சொந்த அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவைப்பது. அப்புறம் விண்டோஸில் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ சேர்த்து அதே ஐபியைக் கொடுங்கள்.

ரூட்டரிலிருந்து பிரிண்டருக்கு இழுக்கும் லேன் ஒயருக்கும் இந்த ஒதுக்கீடு வேண்டும்; ஒயர் போட்டால் ஐபி மாறாது என்று நினைப்பது தப்பு. ஆனால் சுவர், சிக்னல், பாஸ்வேர்டு மாற்றம் எதுவும் இதைத் தொடாது. 100 மீட்டர் வரை இழுக்கலாம், முன்கடையிலிருந்து மாடி கோடவுன் வரை தாராளம். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் மட்டும் ஒயர் முனையின் உலோகப் பின்களில் களிம்பு ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ரூட்டர் இல்லாமல் நேரே பிரிண்டரோடு இணைக்கும் வைஃபை டைரக்ட், மொபைலிலிருந்து அவசரத்துக்கு ஒரு தாள் எடுக்க மட்டும்.

வீட்டுக்கு ஐபி ஒதுக்கிய வைஃபை போதும். நாள் முழுக்க அச்சடிக்கும் கடைக்கு லேன்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை குறைந்த மாடல்களில் பலவற்றுக்கு அந்த போர்ட்டே கிடையாது. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.