ஐயூஐயா, ஐவிஎஃப்பா: விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

திருமணமாகி ஓராண்டு கடந்தும் கரு தங்காததால் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் மதுரைக்குப் பஸ் ஏறி வரும் தம்பதியர், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சில ஆயிரங்களில் முடியும், கருவை ஆய்வகத்தில் உருவாக்கும் ஐவிஎஃப் லட்சத்தைத் தாண்டும் என்ற கணக்கோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். ஆனால் இவை ஒரே சரக்கின் இரண்டு விலைகள் அல்ல.

ஐயூஐயில், கழுவித் தேர்ந்தெடுத்த விந்தணுக்களை, முட்டை வெடிக்கும் நேரத்தை ஒட்டி, மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். கரு உருவாவது உடலுக்குள், கருக்குழாயில்தான். ஆகவே ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் குழாய்களை அடைத்துவிடும் காசநோய் நம் நாட்டில் அரிதன்று என்பதால், குழாய்ச் சோதனை செய்யாமலே ஐயூஐயைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்வது பணத்தோடு வயதையும் கரைப்பதாகும்.

ஐவிஎஃப் அந்தக் குழாயையே தவிர்த்துவிடுகிறது. முட்டைகள் வளரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, முட்டைகளை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்குகிறார்கள். விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும், 1992இல் அறிவிக்கப்பட்ட இக்சி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே விந்தணு போதும். எனினும் முட்டையின் வயதை எந்த ஆய்வகமும் குறைக்க முடியாது; சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் உண்டு.

இரண்டுக்கும் முன்னால் நடக்க வேண்டிய விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் மலிவானது. நம் வீடுகளில் கடைசியாக நடப்பதும் அதுவே. மருமகளுக்கு நான்கு ஸ்கேன் முடிந்த பிறகே மகனை அனுப்புகிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை. ஒருமுறை குறைந்தால் அதுவே தீர்ப்பாகாது. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், காய்ச்சலின் பாதிப்பும் புகையை விட்டதன் பலனும் தாமதமாகவே தெரியும்.

பெண்ணுக்கு 35 வயதுக்குள், குழாய் திறந்து, அணுக்களும் ஓரளவு இருந்தால், மூன்று முறை வரை ஐயூஐ செய்து பார்ப்பதே நியாயம் என்பேன். இரு குழாய்களும் அடைத்திருந்தாலோ, அணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ நேரே ஐவிஎஃப். நாற்பதை நெருங்குபவர்களும் காத்திருக்க வேண்டாம். அந்த முடிவை எடுப்பவர்கள், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றதா என்று கேட்டுவிட்டு, ஊசிக் காலத்தில் அடிக்கடி ஸ்கேனுக்கு வர வேண்டியிருப்பதால், நடவோ அறுவடையோ இல்லாத மாதமாகப் பார்த்துத் தேதி வாங்குவது நல்லது.