யூல் பதிப்பு மார்க்கோ போலோ: இரண்டு தொகுதியும் படித்து முடித்த பிறகு

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். பில், தீர்வை, எடைச்சீட்டு, இதுதான் நாள் முழுக்க. வெனிஸ்காரர் மார்க்கோ போலோவின் பயண நூலை நான் எடுத்ததும் சாகசத்துக்காக இல்லை. மனுஷன் வியாபாரி, கணக்கு சொல்வார் என்று யாரோ சொன்னதால்தான்.

வாங்கியது ஹென்றி யூல் ஆங்கிலத்தில் பெயர்த்த பதிப்பு. முதலில் வந்தது 1871இல். 1903இல் ஹென்றி கோர்டியே திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பின் மறு அச்சு என்னிடம் இருக்கிறது, இரண்டு தடித்த தொகுதிகள். முதலில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கி ஏமாந்தேன். பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து அப்படியே அச்சடித்திருந்தார்கள். மடிப்பு வரைபடங்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. திருப்பி அனுப்பிவிட்டு வேறு பிரதி வாங்கினேன். வரைபடம் சரியாக இல்லாத யூல் பதிப்பு வேண்டவே வேண்டாம்.

போலோ 1298இல் ஜெனோவா சிறையில் இருந்தபோது, கூட இருந்த பீசா ஊர்க்காரர் ருஸ்டிசெல்லோ எழுதியது இந்தப் புத்தகம். ருஸ்டிசெல்லோ வீரக்கதை எழுதிப் பழகியவர், அதனால் போர்க் காட்சி வந்தாலே நடை ஊதிப்போகிறது. கடைசிப் பகுதியில் தாத்தார் (மங்கோலிய) இளவரசர்களின் சண்டைகளை யூலே சுருக்கிவிட்டார், நல்லதுதான். போலோ நேரில் பார்த்த இடங்களோ வேறு ரகம். சுமத்ராவில் ஒற்றைக்கொம்பு மிருகத்தைப் பார்க்கிறார். ஐரோப்பாவில் சொல்வதுபோல் கன்னிப்பெண் மடியில் படுக்கிற அழகுப் பிராணி இல்லை, சேற்றில் புரளும் அவலட்சணமான விலங்கு என்று சொல்லிவிடுகிறார். காண்டாமிருகம்! ஊரே நம்பிய கதையைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுக்கிறவரை எனக்குப் பிடிக்கும். அதே மனுஷன் அந்தமானில் நாய்த்தலை மனிதர்கள் என்றும் எழுதுகிறார், அது காதில் விழுந்த சரக்கு.

நம் பக்கத்துக்கு வருவது இரண்டாம் தொகுதியில். சீனாவில் இருந்து திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில், மாபர் என்று அரபு வணிகர்கள் சொன்ன பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்திருக்கிறார். முத்துக்குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மூழ்குகிறவர்களைக் கடிக்காதபடி மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. ராத்திரி ஆனதும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் திருட்டுத்தனமாக முத்து எடுக்கக் கூடாது என்று. அந்த மந்திரக்காரர்களுக்குத் தமிழில் 'கடல்கட்டி' என்று பெயர் என்பதையும் யூலின் குறிப்பு சொல்கிறது.

குதிரைக் கணக்கைத்தான் நான் மூன்று தடவை படித்தேன். அரசன் வருஷத்துக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அப்படியே. ஒன்றின் விலை 500 சாஜி (அந்தக் கால வெனிஸ் எடை) பொன். வருஷக் கடைசியில் 100கூட உயிரோடு இருப்பதில்லை. வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள். லாடம் கட்டத் தெரிந்தவர் இல்லை, வணிகர்கள் அப்படி ஒருவரைக் கொண்டுவரவும் விடுவதில்லை. யூல் இதோடு நிற்காமல் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபைக் கூட்டிவருகிறார். அவர் கணக்கில் ஒரு குதிரை 220 தீனார், வழியில் செத்தாலும் பணம் அரசுக் கருவூலத்தில் இருந்து வந்துவிடும். கடலில் போன சரக்குக்கு நஷ்ட ஈடு கேட்டு நடையாய் நடந்தவர்களுக்கு இந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் கடன்காரன் வட்டம். கடன் வாங்கியவன் இழுத்தடித்தால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் கோடு கிழித்துவிடுவான். கடனைத் தீர்க்காமலோ பிணை கொடுக்காமலோ தாண்டினால் மரண தண்டனை. ஒரு வெளிநாட்டு வணிகன் குதிரைமேல் இருந்த அரசனையே சுற்றிக் கோடு போட்டதையும், பணம் வரும்வரை அரசன் அங்கேயே நின்றதையும் போலோ தானே பார்த்ததாகச் சொல்கிறார். தண்ணீரை உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது, வியாபாரம் பேசும்போது சுவரில் பல்லி எந்தப் பக்கம் வருகிறது என்று சகுனம் பார்ப்பது, எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆச்சியைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

போலோ சொல்லும் காயல் துறைமுகம் எது என்பதற்கு யூல் கேட்டது கால்டுவெல்லிடம். தாமிரபரணி வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதையும், பழையகாயலில் சீனப் பாண்ட ஓடுகள் இறைந்து கிடந்ததையும் கால்டுவெல் எழுதியனுப்பியது அத்தியாயத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸில் நூறு தடவை தாண்டிப் போன ஊர். போன மாசம் வேண்டுமென்றே இறங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன்.

குறைகளும் உண்டு. யூலின் ஆங்கிலம் வேண்டுமென்றே பழசாக்கியது, முதல் ஐம்பது பக்கம் கஷ்டப்படுத்தும். பல கைப்பிரதிகளைக் கலந்து ஒரே பாடமாக ஆக்கியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியில் இதைப் பதிப்பித்த ரமூசியோவின் சேர்க்கைகள் பகர அடைப்பில் வருவதைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1930களில் ஸ்பெயினின் டொலேடோவில் அடையாளம் காணப்பட்ட லத்தீன் கைப்பிரதியின் கூடுதல் பகுதிகள் இதில் இருக்க வழியில்லை. குறிப்புகளின் எழுத்து மிகச் சிறியது, நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

இரண்டு தொகுதியும் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே இரண்டாம் தொகுதியில் மாபர் அத்தியாயத்தை மட்டும் படித்துப் பாருங்கள், குறிப்புகளோடு சேர்த்து. பிடித்தால் அச்சுப் பிரதி வாங்கலாம். வாங்கும் முன் வரைபடம் முழுசாக இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேளுங்கள்.