‘புரியவில்லை’ இரண்டு வகை: ஃபாக்னருக்கு ஒன்று, ப்ரெதோனுக்கு ஒன்று

கடினமான நாவலைப் படித்த மாணவர்களைக் கருத்து எழுதச் சொன்னால் முதல் வரி பெரும்பாலும் ‘எனக்குப் புரியவில்லை’ என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில், எது புரியவில்லை என்று துருவிக் கேட்டால் இரண்டு வேறு பதில்கள் கிடைக்கும். காலவரிசையை உடைத்து மன ஓட்டத்தில் கதை சொல்லும் நவீனத்துவ நாவல் என்றால், ‘பேசுவது யார், இது எந்த வருடம்?’ கனவையும் தற்செயலையும் தர்க்கத்துக்கு மேலாக வைக்கும் சர்ரியலிச நாவல் என்றால், ‘எல்லாம் தெரிகிறது, ஆனால் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறார்?’ முதல் வகையில் தகவல் சிதறிக் கிடக்கிறது, பொறுக்கிச் சேர்க்கலாம். இரண்டாவதில் தகவல் முழுசாகவே இருக்கிறது, கோக்கும் நூல்தான் இல்லை. இரண்டுக்கும் ஒரே வாசிப்புமுறையைக் கொடுத்தால் ஒன்றிலாவது மாணவர் தோற்பார்.

ஒப்பிட வசதியாக ஒரே காலத்துப் புத்தகங்கள் இரண்டு: நவீனத்துவத்துக்கு அமெரிக்கரான வில்லியம் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ (1929), சர்ரியலிசத்துக்குப் பிரெஞ்சுக்காரரான ஆந்த்ரே ப்ரெதோனின் ‘நாஜா’ (1928). நாவல் என்ற வடிவத்தையே பழித்தவர் ப்ரெதோன். தன் புத்தகத்தை அந்தப் பெயரால் அழைத்தால் சண்டைக்கு வந்திருப்பார். இங்கே வசதிக்காக நாவல் என்றே வைத்துக்கொள்வோம்.

ஃபாக்னரின் முதல் பகுதி 1928 ஏப்ரல் 7 என்று தேதியிட்டது. கதை பெஞ்சியின் மனத்தில் ஓடுகிறது: 33 வயது, பேச்சு வராது, அறிவு வளர்ச்சி குன்றியவன். கண்ணில் பட்டதையும் மூக்கில் பட்டதையும் சொல்வான். ‘ஆகையால்’ என்பது அவனிடம் கிடையாது. வேலிக்கு அப்பால் யாரோ எதையோ அடிக்கிறார்கள். அது கோல்ஃப் என்று அவன் சொல்வதில்லை. ஆட்டக்காரர் ‘கேடி’ என்று பையைத் தூக்குகிறவனைக் கூப்பிட, பெஞ்சி முனகத் தொடங்குகிறான். அது அவன் அக்கா கேடியின் பெயரைப் போல ஒலிக்கிறது. முதல் பக்கத்திலேயே வரும் இதைத் தவறவிட்டவர்கள் பத்தாவது பக்கத்தில் ‘எனக்கு மூளை போதாது’ என்று எழுதிவிடுகிறார்கள்.

சாவி, பெஞ்சியைப் பார்த்துக்கொள்ளும் பையன்களின் பெயரில் இருக்கிறது. வெர்ஷ் வந்தால் பெஞ்சி சின்னப் பிள்ளை; டி.பி. வந்தால் வளர்ந்துவரும் பையன்; லஸ்டர் வந்தால் 1928. மூன்று வண்ணப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே போனால் மூன்றில் இரண்டு பங்கு குழப்பம் தீரும். காலத்துக்கு ஒரு வண்ண மையில் அச்சிட வேண்டும் என்பது ஃபாக்னரின் ஆசையும்கூட. அன்று நடக்கவில்லை, சாய்வெழுத்தோடு நின்றது. இதில் ஒரு பொறி உண்டு: சாய்வெழுத்து என்றால் கடந்தகாலம் என்று மாணவர்கள் விதி வகுத்துக்கொள்கிறார்கள். அது காலம் தாவுவதைக் காட்டும் அடையாளம் மட்டுமே. இன்னொரு பொறி பெயர்கள்: க்வென்டின் என்று இரண்டு பேர், ஒருவன் மாமன், ஒருத்தி மருமகள். பெஞ்சிக்கே முதலில் வேறு பெயர், மௌரி.

குடும்ப வரலாற்றைச் சொல்லும் பின்னிணைப்பு ஒன்றை ஃபாக்னர் பிற்பாடு எழுதினார், 1946இல் வெளிவந்தது. சில பதிப்புகள் அதை முன்னால் வைக்கின்றன. அதைக் கடைசிவரை திறக்காமல் இருப்பது நல்லது. முதலிலேயே படித்தவர்களின் கருத்துரையில் திகைப்பும் இருக்காது, தெளிந்த கணமும் இருக்காது. தகவல் மட்டும் இருக்கும்.

அரிய எதிர்வினை மூன்றாம் பகுதியில் வருகிறது. பெஞ்சியின் அண்ணன் ஜேசன் பேசுவது சரளமாக, நக்கலாக இருப்பதால் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே போவார்கள். கேடி தன் மகளுக்கு அனுப்பும் பணத்தை அவன் சுருட்டுகிறான் என்பது உறைக்கும்போது, யாரோடு சேர்ந்து சிரித்தோம் என்ற கூச்சம் வரும். கருத்துரைக்கு அந்தக் கூச்சம் ஒன்றே போதும்.

‘நாஜா’வில் வண்ணப் பென்சிலுக்கு வேலையில்லை. ப்ரெதோன் பாரிஸ் தெருவில் சந்திக்கும் பெண் நாஜா. அவள் அறிமுகமாவதற்கு முன்னால் எத்தனையோ பக்கம் நகரமும் தற்செயல்களும். பிறகு அக்டோபர் 4 முதல் நாட்குறிப்புப் போல. நடுநடுவே புகைப்படங்கள். சர்ரியலிசத்தைப் பிரகடனம் செய்த தன் 1924 அறிக்கையிலேயே வர்ணனையைத் தாக்கியவர் ப்ரெதோன், அந்த வேலையைப் படத்திடம் விட்டுவிட்டார். இங்கே நடக்கும் தவறு, குறியீடு தேடுவது. ‘கையுறை எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டதும் புத்தகம் செத்துவிடுகிறது. எந்தப் படம் மனத்தில் ஒட்டியது என்று படித்த பத்து நிமிடத்துக்குள் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். ஏன் ஒட்டியது என்பதை மறுநாள் எழுதட்டும்.

ப்ரெதோன் மேல் வரும் கோபத்தையும் அடக்கச் சொல்லக் கூடாது. நாஜா மனநல விடுதிக்குப் போகிறாள். ப்ரெதோன் அத்தகைய இடங்களைச் சாடுகிறார், ஆனால் அவளைப் பற்றி விசாரிக்கவும் போகவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணத்தை மாணவர்கள் ஏற்பதில்லை. ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கோபத்தைத் தூண்டிய வாக்கியம் எது என்று சுட்டச் சொன்னால் அது விமர்சனமாகிவிடும்.

எழுதும் முறையும் இதனால் மாறும். ஃபாக்னருக்கு இரண்டு பத்தி நோட்டு: இடப்பக்கம் அன்றன்று ஊகித்தது, வலப்பக்கம் காலி, முழுவதும் முடித்தபின் நிரப்ப. இடப்பக்கத்துத் தவறுகளை அழிக்கக் கூடாது, அவைதான் கட்டுரையின் சரக்கு. ப்ரெதோனுக்கு இந்த நோட்டு வெறும் சுமை, திருத்த எதுவும் இருக்காது. உரைநூல் விஷயத்திலும் அப்படியே: ஃபாக்னருக்கு முதல் பகுதி முடிந்ததும் பார்க்கலாம், ‘நாஜா’வுக்கு 1924 அறிக்கை பற்றி அரைப் பக்கம் போதும்.

இரண்டும் மிரட்டினால் மாற்று உண்டு. நவீனத்துவத்துக்கு வர்ஜினியா உல்ஃபின் ‘டு தி லைட்ஹவுஸ்’ (1927): திருமதி ராம்ஸியின் மரணம் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது, பலர் திரும்பிப் போய்த் தேடுவார்கள். சர்ரியலிசத்துக்கு லியோனோரா கேரிங்டனின் ‘தி ஹியரிங் ட்ரம்பெட்’: 92 வயதுக் கிழவி சொல்லும் கதை, வாக்கியங்கள் எளிமை, சிரிப்பும் உண்டு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் தேர்வு ஃபாக்னர், அதிலும் நேர்வரிசையில். நான்காம் பகுதி தெளிவாக இருக்கிறதே என்று அங்கிருந்து தொடங்கச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப் படித்தவருக்குப் பெஞ்சியின் முனகல் முதல் பக்கத்திலேயே விளங்கிவிடும், இடப்பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்காது.