சீனச் சொற்களுக்கு ஆங்கி: மாதக்கணக்கில் ஓட்டினால் எது நிற்கிறது

சீனச் சொற்களை நினைவில் நிறுத்த ஆங்கி செயலியைவிட உருப்படியானது எதுவும் இல்லை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று கார்டுகளைக் காட்டி, இடைவெளி விட்டு மறுபடி மறுபடி கேட்கும் செயலி இது. கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும். ஆனால் போட்டது போட்டபடி ஓட்டினால் சீக்கிரமே கைவிட்டுவிடுவீர்கள். தினம் 20 புதிய கார்டு என்று அதிலேயே அமைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் திரும்பத் திரும்ப வரும் என்பதால் சில வாரங்களில் ரிவியூ மட்டும் நாளைக்கு 150 அளவுக்கு ஏறிவிடும். இரண்டு நாள் விட்டால் குவிந்துவிடும். வேலைக்குப் போகிறவர்களுக்கு 5 போதும். எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் பழைய வடிவத்தில் முதல் 4 நிலைகளுக்கு மொத்தம் 1,200 சொற்கள்; இந்த வேகத்திலேயே 8 மாதத்தில் எல்லாம் ஒருமுறை கண்ணில் பட்டுவிடும்.

ஒரு கார்டை அடுத்து எப்போது காட்டுவது என்று கணக்கிட 2023-ல் சேர்த்த எஃப்எஸ்ஆர்எஸ் முறையை இயக்கிவிடுங்கள். மறந்துபோன கார்டுக்கு மட்டும் 'ஹார்டு' (சிரமம்) பொத்தானை அழுத்தவே கூடாது. சிரமப்பட்டாலும் ஞாபகம் வந்தது என்று கணக்காகி, அடுத்த இடைவெளி நீண்டுவிடும். மறந்தால் 'அகெய்ன்' (மறுபடி) தான்.

கார்டின் முன்பக்கம் தனி எழுத்தைப் போடாமல் சின்ன வாக்கியமாகப் போடுங்கள். சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் அங்கே இருந்தால் கண் ரோமன் எழுத்துக்கே ஓடும், சீன எழுத்து மனதில் ஏறாது. ஒலி, தொனிக்குறியோடு (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி) பின்யின், தமிழ்ப் பொருள் மூன்றும் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

8 முறை தவறிய கார்டுக்கு ஆங்கி 'லீச்' என்று முத்திரை குத்தும். அதையே மறுபடி உருப்போடுவது வீண். பெரும்பாலும் அதற்கு ஒரு இரட்டை இருக்கும். வாங்குவதற்கும் விற்பதற்கும் 'மாய்' என்றே சொல். வாங்குவது மூன்றாம் தொனி, விற்பது நான்காம் தொனி. விற்பதன் தலையில் கூட்டல் குறி மாதிரி ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் புதுக் கார்டு போட்டால் குழப்பம் தீரும்.

எழுத்தின் உறுப்புகளைப் பார்க்க ப்ளெகோ அகராதி நல்ல துணை. 'ச்சிங்' என்ற உறுப்போடு இடப்பக்கம் நீர் சேர்ந்தால் தெளிவு, பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள், இதயம் சேர்ந்தால் உணர்வு, சூரியன் சேர்ந்தால் வெயிலடிக்கும் வானம். ஒலி ஒன்றே, தொனிதான் மாறும்.

தமிழருக்கு உண்மையான சிக்கல் மூச்சில் இருக்கிறது. 'வயிறு நிறைஞ்சிடுச்சு', 'முயல் ஓடிடுச்சு' என்ற இரண்டு சீன வாக்கியங்களையும் நம் எழுத்தில் எழுதினால் 'தூட்ஸ பாவ் ல' என்றே வரும். தொனிகளும் அதேதான். வயிற்றுக்கு நம் 'தூண்', 'பல்' இவற்றில் வரும் த, ப அப்படியே பொருந்தும். 'பஸ்' என்பதில் வரும் ப அல்ல. முயலுக்கு இரண்டு இடத்திலும் காற்று வெடித்து வெளியேற வேண்டும். வாய்க்கு நேரே மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துச் சொல்லுங்கள்: முயலுக்கு ஆட வேண்டும், வயிற்றுக்கு ஆடக் கூடாது. ஆங்கியிலேயே உங்கள் குரலைப் பதிந்து, கார்டில் உள்ள ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்கலாம்.