ஸ்பீக்கர் கிழியவில்லை: லோ குழுவின் "டபுள் நெகட்டிவ்"

இந்த ஆல்பத்தைப் போட்டதும் ஹெட்ஃபோன் வயரை ஆட்டிப் பார்க்கத் தோன்றும். முதல் பாட்டு "கோரம்" (Quorum) அப்படித்தான் தொடங்குகிறது. ஸ்டேஷன் சிக்காத ரேடியோ போல ஓர் இரைச்சல் அமுங்கி அமுங்கி எழுகிறது. அதற்குள் புதைந்தபடி ஒரு குரல். வயரில் கோளாறு ஒன்றுமில்லை.

லோ, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டுலூத் நகரத்துக் குழு. 1993இல் தொடங்கியது. ஆலன் ஸ்பார்ஹாக் கிட்டார். அவர் மனைவி மிமி பார்க்கர் டிரம்ஸ். அதுவும் நின்றுகொண்டே, மிகச் சிறிய செட்டில், பெரும்பாலும் பிரஷ்ஷால் வருடி வாசிப்பார். மெதுவான தாளமும் இருவர் சேர்ந்து பாடும் குரலும்தான் இவர்களின் அடையாளம். 2018 செப்டம்பரில் சப் பாப் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பத்தில் அந்த அடையாளத்தையே எடுத்து மெஷினுக்குள் விட்டு அரைத்திருக்கிறார்கள்.

கிட்டார் குழுக்கள் எலக்ட்ரானிக் பக்கம் போனால், பெரும்பாலும் பழைய மாதிரிப் பாட்டின் மேல் சிந்தசைசரைப் பூசுவதோடு நின்றுவிடும். லோவே 2007இல் "டிரம்ஸ் அண்ட் கன்ஸ்" ஆல்பத்தில் லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டுகளை வைத்து, குரலை ஒரே காதுப் பக்கம் ஒதுக்கிப் பார்த்தது. பாட்டுகள் நல்லவை, ஆனால் மெஷின் தனியாகத் தெரிந்தது. தயாரிப்பாளர் பி.ஜே. பர்ட்டனோடு 2015இல் சேர்ந்த பிறகுதான் வழி பிடிபட்டது.

இங்கே அதிகம் வேலை செய்பவை இரண்டு. ஒன்று சைட்செயின் கம்ப்ரெஷன். நடன இசையில் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, விழும் நேரம் மட்டும் பேஸைத் தானாகத் தாழ்த்தி, கிக்குக்கு இடம் விடுவார்கள். இதில் பாட்டு முழுவதுமே அப்படி அமுங்குகிறது. அடி மங்கி, அது விட்டுப்போன பள்ளம் மட்டும் காதில் நிற்கிறது. ஒலி மேலேறி வர எடுக்கும் நேரம்தான் மூச்சு வாங்குவது போன்ற உணர்வைத் தருகிறது. இன்னொன்று கிளிப்பிங். அளவை மீறிய அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு, மூலத்தில் இல்லாத கரகரப்பு சேர்கிறது. "டெம்பஸ்ட்" பாட்டில் குரல்களுக்கே இந்த கதி. சொற்கள் உடைந்துபோகின்றன, ஆனால் இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று சேரும் சுருதி மட்டும் அசையவில்லை. ஆல்பத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கேட்கும் முறையும் முக்கியம். ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேடை பிளேயரில் அணைத்துவிடுங்கள். "கோரம்", "டான்சிங் அண்ட் பிளட்", "ஃப்ளை" மூன்றையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். இடையில் ஷஃபிள் புகுந்தால் எல்லாம் போச்சு. பேஸ் பூஸ்ட் வேண்டாம், ஏற்கெனவே நிரம்பி வழியும் அடிப்பகுதி குழம்பிவிடும். போன் ஸ்பீக்கரில் "டான்சிங் அண்ட் பிளட்"டின் இதயத் துடிப்பு போன்ற அடி காணாமலே போகும். 128 கேபிபிஎஸ் எம்பி3யும் ஆகாது: ஒலியைச் சுருக்கும் மென்பொருளான கோடெக்குக்கு இரைச்சலைச் சுருக்குவது கடினம், கலைஞர் வைத்த கரகரப்போடு ஃபைலின் கரகரப்பும் கலந்துவிடும். ஒலியில் எதையும் இழக்காத லாஸ்லெஸ் ஃபைலும் வயர் ஹெட்ஃபோனும் போதும். குரலும் கிட்டாரும் சுத்தமாக வரும் "டான்சிங் அண்ட் ஃபயர்" பாட்டில் வால்யூமை வைத்து, ஒரு படி குறைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. "தி சன், தி சன்" நீண்ட ரீங்காரமாகவே நின்றுவிடுகிறது. "புவர் சக்கர்" சுற்றியுள்ள பாட்டுகளின் கனத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. ஆனால் "ஃப்ளை"யில், உருளும் பேஸுக்கு மேலே மிமியின் குரல் உச்சத்துக்குப் போகும் இடம் ஒன்றுக்கே இந்த ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம்.

லோவை இதுவரை கேட்டிராதவர்கள் 2001இல் வந்த "திங்ஸ் வீ லாஸ்ட் இன் த ஃபயர்" ஆல்பத்தை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். எது அரைபட்டிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும். அடுத்து 2021இன் "ஹே வாட்". அதில் இரைச்சல் அப்படியே இருக்க, குரல்கள் மட்டும் தெளிந்து மேலே வந்துவிட்டன. மிமி பார்க்கர் 2022 நவம்பரில் காலமானார். "ஹே வாட்"தான் அவர்கள் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம்.