ஊருணியில் களை எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடிச் சுற்று வட்டாரத்தில் ஊருணி, குளம் பராமரிக்கிற பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் ஊரில் 40 ஆயிரம் ரூபாயும் ஊருணி மீனும் போய்விட்டன. இன்னொரு ஊருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது செம்புறாங்கல் படித்துறை வைத்துக் கட்டிய பழைய ஊருணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகப் பெருகியது. தை பிறந்து பார்த்தால் வடக்கு மூலை முழுக்க வெங்காயத்தாமரை, மற்ற இடமெல்லாம் தண்ணீருக்கு அடியில் பச்சைப் பசேலென்று கொடி, இறங்கினால் காலைச் சுற்றிக்கொள்கிறது. ஊரில் வசூல் போட்டோம். எதிர்வீட்டு ஆச்சி தன் மருந்துச் செலவுக்கு வைத்திருந்ததிலிருந்து 5 ஆயிரம் எடுத்துக் கொடுத்தார். "அந்தக் காலத்துல இதுல கால் கழுவக்கூட விட மாட்டாக தம்பி, நல்லாப் பண்ணுங்க" என்றார்.

யாரோ சொல்லி ஒருவர் வந்தார். கரையில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் ஆகாயத்தாமரை வகைதாண்ணே, மூலிகை மருந்து அடிச்சா பத்தே நாள்ல சுத்தம், மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். 60 ஆயிரம் பேசி 40 ஆயிரம் முன்பணம். தண்ணீரில் கைவிட்டு ஒரு செடியைக்கூட அவர் பிடுங்கிப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மருந்துக் கேனில் லேபிளைக் கிழித்திருந்தார்கள், கேட்டதற்குக் கம்பெனி ரகசியம் என்றார்கள்.

மாசிக் கடைசியில் நல்ல வெயிலில், ஒரே நாளில் மொத்த ஊருணிக்கும் அடித்தார்கள். ஒரு வாரத்தில் மேலே மிதந்த வெங்காயத்தாமரை பழுப்பேறிச் சாய்ந்து, அப்புறம் அழுகி மூழ்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதற்கு இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கட்லாவும் ரோகுவும் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து தவிக்கின்றன, வெயில் ஏறுவதற்குள் கரையெல்லாம் மீன் ஒதுங்கிவிட்டது. அந்த நாற்றம் பத்து நாள் தெருவை விட்டுப் போகவில்லை.

வேளாண் கல்லூரியில் படிக்கிற என் அண்ணன் மகள் வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. அவ்வளவு செடியும் ஒரே நேரத்தில் அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் அதிலேயே தீர்ந்துபோகிறது. வெயில் காலத்துத் தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு, இரவில் செடிகளும் இழுத்துக்கொள்வதால் விடியும் முன்னால்தான் மிகவும் குறைந்திருக்கும். எந்த மருந்தானாலும் குளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அடித்து, அது அடங்கிய பிறகே அடுத்த பங்குக்குப் போக வேண்டுமாம். புதருக்குள் தேடியதில் லேபிளோடு ஒரு காலிக் கேன் கிடைத்தது. மூலிகையும் இல்லை, ஒன்றும் இல்லை, வரப்பில் கோரைக்கு அடிக்கிற கிளைபோசேட். அது தண்ணீருக்கு மேலே நிற்கிற பச்சை இலையில் பட்டால்தான் வேலை செய்யும். தண்ணீருக்குள் கலந்தால் நீர்த்துப்போய், சேற்றில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும்.

அடியில் இருந்த கொடிக்கு அதனால் ஒன்றுமே ஆகவில்லை. மேலே மூடியிருந்தது போய் வெயில் உள்ளே இறங்கியதும் முன்பைவிடச் செழிப்பாகக் கிளம்பியது. அவரைக் கூப்பிட்டால், இரண்டாவது தடவை அடிக்க இன்னும் 30 ஆயிரம் கேட்டார். நாங்கள் சத்தம் போட்டதும் நாலு ஆட்களை அனுப்பி அரிவாளால் கொடியை அறுக்க வைத்தார். அது பெரிய தப்பு. அறுந்த துண்டுகள் காற்றுக்கு ஒதுங்கி, போன இடத்திலெல்லாம் வேர்விட்டன. இப்போது போன் எடுப்பதில்லை.

அந்தக் கொடி வேலம்பாசி, ஹைட்ரில்லா என்பது அதுதான். ஒரு செடியைப் பிடுங்கி வெள்ளைச் சட்டியில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள். தண்டில் ஒவ்வொரு கணுவிலும் நாலு முதல் எட்டு இலை வட்டமாகச் சுற்றி நிற்கும், ஓரம் பல் பல்லாக இருப்பதால் விரலில் உருவினால் சொரசொரப்பு தெரியும். உருவம் கிட்டத்தட்ட அப்படியே இருந்து, கசக்கினால் பூண்டு மாதிரி வாடை அடித்தால் அது காரா என்கிற பாசி, அதற்கு வைத்தியமே வேறு. மேலே மிதப்பதில் தண்டு வெங்காயம் மாதிரி உப்பி, ஊதாப் பூ பூத்தால் வெங்காயத்தாமரை. முட்டைக்கோஸ் மாதிரி விரிந்து, இலை வெல்வெட்டுத் துணி போல இருந்தால் அதுதான் ஆகாயத்தாமரை. மிதப்பதைக் கையாலேயே இழுத்துக் கரையேற்றிவிடலாம், பூத்து விதை விழுவதற்குள் எடுத்தால் நல்லது, ஏனென்றால் அந்த விதை சேற்றில் பல வருஷம் கிடந்தும் முளைக்கும்.

வேலம்பாசிக்கு நாங்கள் இப்போது செய்வது இதுதான். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் கொடியை வேரோடு வாரி, துண்டு விடாமல் வலையில் அள்ளி, மழைத் தண்ணீர் திரும்ப உள்ளே இழுத்து வராத தூரத்தில் குவித்தோம். சேற்றுக்குள் சின்னச் சின்னக் கிழங்கு இருக்கிறது, அது இருக்கிறவரை திரும்பத் திரும்பத் துளிர்க்கும் என்பதால் மேல் சேற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வரத்துக்காலில் இரண்டு வீட்டுச் சோப்புத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தது, பேசி நிறுத்தியாயிற்று. களைக்குத் தீனியே அதுதான். மழைக்குப் பிறகு புல்கெண்டை விடலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது, வேலம்பாசியை அது நன்றாகத் தின்னும், வெங்காயத்தாமரைக்கு அதை நம்ப முடியாது.

அதே ஆள் இப்போது தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊரில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பணம் இன்னும் கைமாறவில்லை என்றால் உங்கள் குளத்துச் செடியில் ஒன்றைப் பிடுங்கிச் சட்டியில் போட்டு, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அண்ணன் மகளிடம் காட்டி என்ன செடி என்று அன்றைக்கே சொல்கிறேன்.