ஹைட்ரோஸ் டிரம்மும் அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரும்

பெருந்துறையில் டையிங் நடத்தும் மாப்பிள்ளை நேற்று போன் போட்டான். சாயத்தைக் கழற்றப் போடும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள், அதாவது ஹைட்ரோஸ், விலை இறங்கியிருக்கிறதாம், நாங்கள் ஐந்து வருடமாக வாங்கும் அதே வியாபாரியிடம் எடுக்கலாமா என்று கேட்டான். போனில் சொன்னால் கத்தத்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

சரக்கில் குறையே இல்லை. பாலியஸ்டருக்கு காஸ்டிக் சோடாவோடு போட்டு ரிடக்‌ஷன் கிளியரிங் செய்தால் மேலோட்டமாக ஒட்டிய சாயமெல்லாம் கழன்றுவிடும், ஷேடு தப்பிய லாட்டை உரிப்பதற்கும் அதேதான். ராத்திரி பத்து மணிக்குக் கேட்டாலும் டெம்போவில் ஏற்றிவிடுவார், பாக்கி நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார்.

ஆனால் அந்த ஸ்டிக்கர்! கம்பெனி லேபிளை மறைத்துத் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டித்தான் அனுப்புவார். ரசாயனத்தின் ஆபத்தும் பாதுகாப்பு முறையும் சொல்லும் எம்எஸ்டிஎஸ் ஷீட்டைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் வரும், 16 பகுதியில் முதல் பகுதி மட்டும் இருக்காது. தயாரிப்பாளர் பெயரும் அவசரத்துக்குக் கூப்பிடும் எண்ணும் அதில்தானே இருக்கிறது, தெரிந்தால் நாங்கள் நேராகக் கம்பெனிக்கே போய்விடுவோமாம். அபாயகர ரசாயனம் என்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி டிரம்மின் மேலேயே இருக்க வேண்டும் என்று 1989 விதிகள் சொல்கின்றன. அதை யார் பார்க்கிறார்கள்?

போன ஐப்பசி மழையில் ஸ்டோர் கூரை ஒழுகி, மூடி சரியாக அடைக்காத அரை டிரம்முக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்கிவிட்டது. ஹைட்ரோஸுக்கு அந்தக் கொஞ்சம்தான் எமன், தானாகச் சூடேறி சல்ஃபர் டை ஆக்சைடைக் கக்க ஆரம்பித்துவிடும். வியாபாரி அனுப்பிய ஷீட்டில் மணல் போட்டு மூடு என்றிருந்தது, நைட் ஷிஃப்ட் தம்பியும் போட்டான். புகை நிற்கவே இல்லை. இது எரிவதற்குக் காற்றே தேவையில்லை, மூடினால் எப்படி அணையும்? எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, வாசலில் இறக்கிவைத்திருந்த புது டிரம்மின் ஸ்டிக்கரைச் செல்போன் வெளிச்சத்தில் நகத்தால் சுரண்டினேன், அடியில் அந்த எண் இருந்தது. போனை எடுத்தவர் முதலில் கேட்டது, "பக்கெட்ல தண்ணி ஊத்திட்டீங்களா?" இல்லை என்றேன். ஊற்றினால் இன்னும் கொதிக்கும், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று ஓஸில் வெள்ளமாக அடிக்க வேண்டும் என்றார். தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து அதைத்தான் செய்தார்கள். அந்தத் தண்ணீரை வாங்கிய ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஆபரேட்டர் மூன்று நாள் என்னைத் திட்டியது தனிக்கதை.

மறுநாள் வியாபாரியிடம் சண்டைக்கே போனேன். "ஏனுங்க, சரக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு?" என்றார்.

போன வாரமும் அவரிடம்தான் ஆறு டிரம் எடுத்தேன். வாங்கிக்கொள் மாப்பிள்ளை. டெம்போவை அனுப்புவதற்கு முன் ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிடு, எங்கள் ஸ்டோர் கதவில் அதற்கென்றே ஒரு பழைய பிளேடைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.